அக்கா பெயரில் ஒரு வருமானம்

படிவம் நிரப்புவது எனக்குப் பிடிக்கும். கட்டங்களைப் பார்த்தாலே கை நடுங்குகிறது, தலை சுற்றுகிறது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. ஒரு கட்டத்துக்கு ஒரு பதில், அதற்கு மேல் எழுத இடமில்லை. அதிலேயே ஒரு நிம்மதி உண்டு. வரி அலுவலகத்தில் நீங்கள் கொடுத்த தாளில்தான் கட்டமே இல்லை, மேடம். "உங்க வார்த்தையிலேயே எழுதுங்க, எத்தனை பக்கம் ஆனாலும் பரவாயில்லை" என்றீர்கள். நீண்டுவிட்டால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. என் அக்கா இறந்த பிறகும் நான்கு மாதம் அவள் பெயரில் வருமானம் வந்திருக்கிறது, அதற்கு வரியும் கட்டப்பட்டிருக்கிறது, எப்படி? நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு மட்டும் பதில் எழுதினால் உங்களுக்கு விளங்காது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஏழு. அவள் எட்டாம் வகுப்போடு நின்று துணி ஆலைக்குப் போனாள். சட்டைக்குப் பை தைக்கிற வேலை. பதினெட்டு வருடம் பை தைத்தாள், நான் படித்தேன். தியாகம் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. அவளுக்குப் படிப்பு ஏறவில்லை, எனக்கு ஏறியது. யாராவது ஒருத்தி வேலைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது.

லிஃப்டுக்கு உதிரிப்பாகம் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. நானூறு பேர் வேலை பார்க்கிற இடம். சம்பளப் பிரிவில் நாங்கள் மூன்று பேர். எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஸ்கேல். கையில் எப்போதும் ஒரு ஸ்கேல் இருக்கும், அதை வரிக்கு அடியில் வைத்துத்தான் எதையும் படிப்பார். நான் சேர்ந்த முதல் வாரம் என் தாள்களைப் புரட்டிவிட்டு, "பரவாயில்லையே, உங்க மாதிரி வீட்லேர்ந்து வந்து இவ்வளவு சுத்தமா வேலை பாக்குறீங்களே" என்றார். பாராட்டுதான். நன்றி சொன்னேன். ஆறு வருடம் ஆகிவிட்டது, அந்த 'உங்க மாதிரி' இன்னும் மீன்முள் போலத் தொண்டையில் நிற்கிறது.

சம்பளத்தில் பாதி படிப்புக் கடனுக்குப் போயிற்று. மூன்று வருடத்துக்கு முன் ஒரு இணையவழி டியூஷன் நிறுவனம் கணக்குத் தாள் எழுத ஆள் தேடியது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் பன்னிரண்டு கணக்கு, செய்முறையோடு. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். மாதத்துக்கு என் சம்பளத்தில் பாதி அளவு கொடுத்தார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து ஒரு வீடு வாங்க நினைத்தேன். இரண்டு அறை உள்ள வீடு. ஒன்று அக்காவுக்கு.

எங்கள் கம்பெனியின் வேலை ஒப்பந்தத்தில் பதினொன்றாவது விதி, வெளியே சம்பாதிக்கக் கூடாது என்கிறது. சம்பாதித்தால் வேலை போகும். சும்மா எழுதி வைத்த விதி இல்லை. கிடங்கில் ஒருவர் இருந்தார். மாலையில் கைப்பேசி ரிப்பேர் செய்து, அந்த வருமானத்தை ஒழுங்காக வரிக் கணக்கில் காட்டினார். என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வருமானம் சேர்ந்து அடுத்த வரிப் படிக்குப் போய்விட்டது, இனி இவர் சம்பளத்தில் இவ்வளவு கூடுதலாகப் பிடியுங்கள் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு தாள் வந்தது. அந்தத் தாள்களைப் பிரிக்கிற மேசை என்னுடையது. பிரித்தேன், பதிவு செய்தேன், ஸ்கேலிடம் கொடுத்தேன். அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் மேசைப் பக்கம் வந்தார்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லிட்டுக் குடுத்திருக்கலாமேம்மா."

"சொன்னா மட்டும் தாள்ல எழுத்து மாறிடுமா?" என்றேன்.

வரியே கட்டாமல் விட்டிருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். எனக்கு அது ஒத்துவராது. பாலம் கட்டுவது, பள்ளிக்கூடம் நடத்துவது எல்லாம் அந்தப் பணத்தில்தான். உதவித்தொகையில் படித்தவள் நான், அதை ஏய்க்க மாட்டேன். என் பெயரில் காட்ட முடியாது, காட்டாமலும் இருக்க முடியாது. அப்படியென்றால் மிச்சம் இருப்பது அக்காவின் பெயர். அவளுடைய கூலி குறைவு என்பதால் வரி விகிதமும் குறைவு. அதுவும் ஒரு காரணம், மறைக்கவில்லை.

"என் பேரையா?" என்று கேட்டாள் அக்கா. "எட்டாவதுல கணக்குக்குப் பதினெட்டு மார்க் வாங்கினவ பேரைப் போட்டா பசங்க உருப்பட்ட மாதிரிதான்."

"பேருக்குத்தான். வேலை எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"மாட்டினா?"

"யாராவது கேட்டா, நான்தான் எழுதறேன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத. எங்க, சொல்லு பாப்போம்."

"நான்தான் எழுதறேன்." நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "பொய் சொல்றதுக்குக்கூடப் பாடம் எடுக்கறியே, பட்டதாரியம்மா."

கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்துக் கொடுத்தேன். ஒன்றையும் படிக்காமல் போட்டாள். என் மதிப்பெண் அட்டையில் எப்படிப் போட்டாளோ அப்படி.

வருடக் கடைசியில் அந்த நிறுவனம் தாள்களை எல்லாம் சேர்த்துச் சின்னப் புத்தகமாக அச்சிட்டது. அட்டையில் அக்காவின் பெயர். அவள் அதை ஆலைக்குக் கொண்டுபோய்விட்டாள். எனக்குக் கோபம்தான், ஆனால் அதனால் ஒன்றும் ஆகவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அவளைக் கணக்கு டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "டீச்சர், ஓவர்டைம்ல நாலு மணி நேரத்தை முழுங்கிட்டானுங்க, கொஞ்சம் பாருங்க." அவளும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பாளாம். பார்த்து, சரியாகவும் சொல்வாளாம்.

அடுத்த சில வாரத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பஞ்சுத் தூசி நுரையீரலில் படிந்திருக்கிறது, இனி கரையாது என்றார்கள். ஆலை அவளை ஒரு சிறு மாதத்தொகையோடு வீட்டுக்கு அனுப்பியது. ஆஸ்பத்திரி ஒரு ஆக்சிஜன் மெஷினை இரவலாகக் கொடுத்தது. முழங்கால் உயரம், மின்சாரத்தில் ஓடும், மூக்கில் மெல்லிய குழாய். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது மாட்டியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். டியூஷன் நிறுவனத்தின் பணத்துக்கு அப்போது முதல் வருட வரிக் கணக்கு இன்னும் பதிவில் ஏறவில்லை. அதனால் வருமானம் என்ற கட்டத்தில் நான் எழுதியது அன்றைய தேதிக்குச் சரி.

குழாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி அக்கா என் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பாள். பொழுது போக வேண்டுமே.

"ஏண்டி, ஒரு குழாய் தொட்டியை ரொப்புது, இன்னொரு குழாய் காலி பண்ணுது. அந்த வீட்ல பெரியவங்க யாருமே இல்லையா, ரெண்டாவது குழாயை மூடறதுக்கு?"

"கணக்கைப் போடு, கதை கேக்காத."

"போட்டாச்சு. ஆறு மணி நேரம். நீ எட்டுன்னு போட்டிருக்க."

பார்த்தேன். ஆறுதான். அனுப்புவதற்கு முன் திருத்திவிட்டேன். அவளிடம் அச்சுப்பிழை என்றேன்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் மறுபரிசீலனை. போன வருடம் இருவரும் போனோம். உதவிப் பிரிவில் ஒரு அம்மா, கழுத்தில் சங்கிலி போட்டுக் கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பார். கணினியைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"உங்க பேர்ல தொழில் வருமானம் காட்டுதே. வரம்பைத் தாண்டிடுச்சு. இது உங்களோடதாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"ஆமா மேடம்," என்றாள் அக்கா. நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான்தான் எழுதறேன். கணக்குப் புக்கு."

அந்த அம்மா அக்காவின் விரல்களைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க?" என்றார். சொன்னேன். இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார், அக்கா பக்கம் இல்லை.

"இதுல ஒரே பக்கம்தான். இந்த வருமானம் நோயாளியோடது இல்ல, இன்னாரோடதுன்னு எழுதிக் குடுத்தா போதும். முப்பது நாள்ல வந்தா மெஷின் அங்கேயே இருக்கும். அப்புறம் வந்தாலும் மெஷினைத் திருப்பித் தந்துடுவோம். புரியுதுங்களா?"

"புரியுது" என்றேன்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே அந்தத் தாளை நிரப்பினேன். தேதி, நோயாளி எண், தொகை எல்லாம். 'வருமானத்துக்கு உரியவர்' என்ற கட்டம் மட்டும் பாக்கி. அதில் என் பெயரை எழுதினால் அது உங்களுக்கு வரும், உங்களிடமிருந்து என் கம்பெனிக்கு ஒரு தாள் வரும், அது என் மேசைக்கே வரும். கிடங்குக்காரருக்கு நான் செய்ததை எனக்கும் செய்ய வேண்டியிருக்கும். அதைவிட, ஸ்கேல் அந்த வருடம் ஓய்வு பெறுவதாக இருந்தது. அவருடைய நாற்காலிக்கு என் பெயரைத்தான் சொல்லியிருந்தார். உத்தரவு கைக்கு வரட்டும், அதற்கப்புறம் படிவத்தைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். சில வாரம்தானே. தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கசங்காமல் இருந்தது.

"குடுத்துட்டியாடி?" என்று அக்கா கேட்டாள்.

"குடுத்துட்டேன். ஆபீஸ் வேலை, மெதுவாத்தான் நடக்கும்."

ஐந்தாவது வாரம் இரண்டு பேர் வந்து மெஷினை எடுத்துப் போனார்கள். ஒருவர் குழாயைச் சுருட்டும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க மேல கோவிச்சுக்காதீங்கம்மா" என்றார். அக்கா அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். "நல்லதுதான் தம்பி. இது போடற சத்தத்துல பக்கத்து வீட்டுச் சண்டையே ரெண்டு வருஷமா காதுல விழல" என்றாள். சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடிந்தது. ஒப்படைப்புச் சீட்டில் நான் கையெழுத்துப் போட்டேன்.

நான் அவளைச் சும்மா விட்டுவிடவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சிலிண்டர் வாடகைக்கு எடுத்தேன். மெஷினையே வாடகைக்கு எடுக்கலாம்தான், கணக்கில் பணம் இருந்தது. ஆனால் அது வீட்டுக்கு முன்பணம். கைவைத்தால் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். அக்காவே, "கொஞ்ச நாளைக்குத்தானே, காசைக் கரியாக்காத" என்றாள். கொஞ்ச நாள் என்று அவளிடம் சொன்னது நான்.

ஒரு சிலிண்டரில் ஆயிரத்து நானூற்று நாற்பது லிட்டர். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வைத்தால் பன்னிரண்டு மணி நேரம். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் மாட்டினால் மூன்று நாள். வாரத்துக்கு இரண்டு சிலிண்டர் எடுத்தால் ஆறு நாளுக்குச் சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றாவது சிலிண்டர் எடுப்பது வீண் என்று தோன்றியது. அன்றைக்கு நான் வீட்டில்தான் இருப்பேன், பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு நன்றாக இருந்தது. எண்கள் முழுசாக வந்தன. அந்த வாரத் தாளில் ஏழாவது கணக்காக அதையே போட்டேன். 'ஒரு உருளையில் 1440 லிட்டர் காற்று உள்ளது' என்று ஆரம்பித்தது. அக்கா அதைப் போட்டுப் பார்த்தாள். விடை மூன்று நாள் என்று ஓரத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். சரியான விடை. அவள் எழுத்து அப்போதே வரியை விட்டு இறங்க ஆரம்பித்திருந்தது.

ஒன்பதாவது வாரம் உத்தரவு வந்தது. ஸ்கேல் எழுந்து நின்று கைகொடுத்தார். "ஆறு மாசம் தகுதிகாண் காலம். சும்மா ஒரு சம்பிரதாயம்" என்றார். சம்பிரதாயம் என்றாலும் அந்த ஆறு மாதத்தில் காரணம் சொல்லாமலே இறக்கிவிடலாம் என்று விதி இருக்கிறது. எனக்குத் தெரியும், அந்த விதியைத் தட்டச்சு செய்ததே நான்தான். படிவத்தை இன்னும் ஆறு மாதம் தள்ளிவைத்தேன்.

அக்காவிடம் பதவி உயர்வைச் சொன்னேன். உதடு நீலம் பாரித்திருந்தது. என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இனிமே... உனக்கு... ஸ்கேலு குடுப்பாங்களா?" என்று கேட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை மூச்சு எடுத்தாள். அன்றைக்குக்கூடத் தாள் என் கைப்பையில்தான் இருந்தது.

பதினொன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவளுக்கு முகம் துடைத்து, தலையணையை மூன்றாக உயர்த்திச் சாய்த்து உட்கார வைத்தேன். அடுத்த அறையில் போய் எழுத உட்கார்ந்தேன். கதவைத் திறந்தேதான் வைத்திருந்தேன். பத்தரை மணிக்கு அவள் மூச்சின் சத்தம் மாறியது. உலர்ந்த துணியைக் கிழிக்கிற மாதிரி. பதினொன்றுக்குக் கூப்பிட்டாள்.

"ஏய்... பட்டதாரி..."

"ரெண்டே ரெண்டு கணக்கு பாக்கி, வந்துடறேன்" என்றேன்.

பத்து முடித்திருந்தேன். பதினொன்றாவது வட்டி விகிதக் கணக்கு, அதில் எண்கள் முழுசாக வரவில்லை, மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது. பன்னிரண்டாவது எளிது. முடித்துவிட்டு எழுந்தபோது மணி பதினொன்று நாற்பது. சத்தம் எப்போது நின்றது என்று கேட்டால் எனக்குத் தெரியும். பதினொன்று இருபத்தைந்து. நின்றது காதில் விழுந்தது. பன்னிரண்டாவதை அதற்குப் பிறகுதான் எழுதினேன்.

ஆம்புலன்ஸ் ஸ்டாண்டில் சிலிண்டர் கிடைத்திருக்கும். தெருமுனைதான், ஐந்து நிமிடம். இதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டால் மறைத்ததாக ஆகும்.

டாக்டர் வந்து நுரையீரல் நோய் என்று எழுதிக் கொடுத்தார். அதில் தவறில்லை. ஆலையிலிருந்து பதினாறு பெண்கள் வந்தார்கள். கணக்கு டீச்சர் போயிட்டாங்களே என்று அழுதார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைப் படிக்க வச்சு, தானும் படிச்சு, புக்கும் எழுதிட்டுப் போயிட்டா பாரும்மா" என்றாள். நான் தலையாட்டினேன். மாலை ஆறு மணிக்குத் தாளை அனுப்பினேன். தாமதமானால் பத்து சதவீதம் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. நிறுத்த நினைத்தேன். ஆனால் ஆசிரியர் இறந்துவிட்டார் என்று சொன்னால் புதிய ஆசிரியர் பெயர் கேட்பார்கள். அவளுக்கு அடுத்து என் பெயர்தான் இருக்கிறது. தகுதிகாண் காலம் முடியவில்லை. அதனால் நான்கு மாதம் அக்கா பெயரிலேயே தொடர்ந்தேன். ஒவ்வொரு மாதமும் வரியைத் தேதி தவறாமல் கட்டினேன். வருடக் கணக்கைக் கொடுக்கும்போது 'இறந்திருந்தால் தேதி' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் சரியான தேதியை எழுதினேன். ரசீதுகளிலும் சரியான தேதிகளையே எழுதினேன். இரண்டையும் எழுதியது நான்தான், இரண்டும் உண்மைதான். ஒன்றோடொன்று பொருந்தாது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. இத்தனை வருட வேலையில் நான் செய்த ஒரே பிழை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருடமும் வருமானம் என்னுடையது. படிவத்தைக் கொடுத்ததாக அவளிடம் சொன்னது பொய். கொடுத்தால் மெஷின் வரும் என்று தெரியும், மெஷின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும், டாக்டர் எனக்கு விளக்கமாகவே சொல்லியிருந்தார். தெரிந்துதான் வைத்திருந்தேன். ஆனால் ஒன்று. இதில் அரசாங்கத்துக்கு ஒரு சல்லிக்காசு நஷ்டம் இல்லை. விகித வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்து, அபராதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், கட்டிவிடுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த நான்கு மாத வருமானம் அவளுடையது இல்லை என்று முடிவானால், அவள் கணக்கில் கட்டிய வரி கூடுதலாகிறது. விதிப்படி அது வாரிசுக்குத் திரும்ப வர வேண்டும். அதற்கான படிவத்தை நிரப்பி இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு கட்டம்கூட விடவில்லை. வாரிசு என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். அவளுக்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.